ஹவாவின் பதினொரு பாட்டுகள்

சனிக்கிழமை. காலை ஒன்பது பத்து. சூடான், கார்ட்டூம் நகரம். இரண்டாவது குண்டு பக்கத்துத் தெருவில் விழுகிறது. ஜன்னல் கண்ணாடி அறைக்குள் கொட்டுகிறது. நான் மேசைக்கடியில் கிடக்கிறேன். ஒஸ்லோவிலிருந்து அம்மா தொலைபேசியில் கத்துகிறார்.

"பைலை எடு பிள்ளை! பைலை எடுத்துக்கொண்டு ஓடு!"

எங்கள் வீடுகளில் இதற்கு விளக்கம் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரே பைல். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது அம்மா அதைத்தான் தூக்கி வந்தார். ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் பகுதி வீட்டில் இன்றும் அது வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யோசிக்காமல் என் பைலை எடுத்தேன். ஓடினேன். கடவுச்சீட்டு ஏற்கெனவே என் காற்சட்டைப் பையில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் மூன்றும் மேசைமேல் இருந்தன. ஒரு சாண் தூரம்.

நான் தனியாகப் படம் எடுப்பவள். ஆப்பிரிக்க நகரங்களின் பாட்டையும் கூத்தையும் பற்றி நோர்வேப் பத்திரிகைகளுக்கு எழுதுபவள். ஒன்பது வருடம். பாதிக் கட்டுரைகள் திரும்பி வந்தன. ஹவா கார்ட்டூமில் கல்யாண வீடுகளில், பெண்கள் மட்டும் இருக்கும் அறையில், மண்மேளம் தட்டிப் பாடுபவர். யாருக்கும் பதிவு செய்யக் கொடுத்ததில்லை. மூன்று வருடம் கெஞ்சிய பிறகு எனக்குச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. முடிந்த படத்தைத் தான் பார்க்கும்வரை இணையத்தில் ஏற்றக் கூடாது. ஊரை விட்டு வெளியே அனுப்பவும் கூடாது. என் தோழி ரஷா ஒலிப்பதிவு செய்தாள். நான் சொல் தவறவில்லை. அதனால் ஹவா பாடிய பதினொரு பாட்டுக்கும் அந்த மூன்று ஹார்ட் டிஸ்க் தவிர வேறு பிரதி இல்லை.

ஐந்து நாள் பஸ்ஸில். எல்லையில் பைலை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ஒஸ்லோ. ஹவாவைப் பற்றிய கட்டுரையை வேண்டாம் என்ற அதே ஆசிரியர், குண்டு விழும் காட்சி ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார். அம்மாவுக்கு நிம்மதி.

"பைல் வந்திட்டுதுதானே. படம் பிறகும் எடுக்கலாம்."

எடுக்க முடியாது அம்மா. ஹவாவின் வீட்டின்மேல், அவர் உள்ளே இருக்கும்போது, எறிகணை விழுந்துவிட்டது.

போன வாரம் அவருடைய மகள் ஆம்னா கெய்ரோவிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்குக் கல்யாணம். அம்மாவின் மணப்பெண் பாட்டு, ஒன்று மட்டும், அனுப்பச் சொன்னாள். என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று ஹவா சொல்லியிருந்தாராம். இல்லை, விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கணக்கு இது. மூன்று ஹார்ட் டிஸ்க். பதினொரு பாட்டு. ரஷா, சண்டையின் இரண்டாவது வாரம் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பாதவள். ஹவா. பிறகு, பைலை எடுத்த என் கையால், ஹவாவின் குரல்.