படுத்தால் மட்டும் கேட்ட குரல்: மெரெத்தெ லிண்டகோர் அவர்களுக்கு

செம்புக் கம்பியால் செவிகளுக்குச் சேவை செய்த செம்மலே! மேடையின் மொழியை மூலை இருக்கைக்கும் முழுதாகக் கொண்டு சேர்த்த மேன்மையீர்! தேவாலயம், திரையரங்கம், நீதிமன்றம், ரயில் நிலையம் என டென்மார்க்கின் மேற்குக் கரை நெடுகத் தரைவிரிப்புகளுக்கு அடியில் தங்கள் தடத்தைப் பதித்து வந்த தகைமையீர்! எங்கள் அன்பு மெரெத்தெ லிண்டகோர் அவர்களே! வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் தங்களுக்கு மடல் எழுத எஸ்பியர்க் பட்டறையின் எட்டுப் பேரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். ஏலக்காய் பன் தீர்ந்தது, மடல் தொடங்கவில்லை. தங்கள் பொறுமையைப் பாடலாம் என்றார் ஒருவர்; அளவு நாடாவை ஜன்னல் வழியே வீசிய நாளை நினைவூட்டினார் இன்னொருவர். தங்கள் கண்டிப்பை எழுதலாம் என்றபோது, தாமதமாக வந்தவனுக்குத் தங்கள் ரொட்டியையே கொடுத்த கதை வந்து குறுக்கே நின்றது. எந்த அடைமொழியும் பொருந்தாமல் குழம்பிய நாங்கள், ஒரே ஒரு நிகழ்ச்சியில் மட்டும் ஒன்றுபட்டோம். அதில் தாங்களும் குழம்பித்தான் போனீர்கள். தாங்களே எங்களிடம் பலமுறை சொன்னதுதான். ஆயினும் விருந்தினர் அறிய, சற்று நேரம் தங்களை 'அவர்' என்று குறிப்பிட அனுமதி தாருங்கள்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய பண்டகசாலையின் கீழ்த்தளத்தை நாடக அரங்கமாக மாற்றினார்கள். மேல்தளத்தில் வீடுகள். அரங்கின் நான்கு ஓரங்களையும் சுற்றி மெரெத்தெ ஒற்றைக் கம்பி வளையம் பதித்தார். காது கேட்கும் கருவியை வளைய நிலைக்கு மாற்றிவிட்டால் போதும்; மற்ற இரைச்சல் எல்லாம் அடங்கி, மேடைப் பேச்சு மட்டும் கருவிக்குள் வந்து விழும். ஒவ்வோர் இருக்கையாக அளந்தார். எல்லாம் சரி. கையெழுத்திட்டார்.

ஆறு மாதம் கழித்துப் பராமரிப்புக்காக ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனபோது, மாடிப்படியில் ஒரு பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெரெத்தெயின் சட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்க காது மெஷின் ஆளா? மேல வந்து எங்கப்பாவைக் கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவர் பெயர் லிஸ்பெத். அப்பா எய்னர், எண்பத்து மூன்று வயது. மீன்பிடிக் கப்பல்களின் இயந்திர அறையில் நாற்பது ஆண்டு வேலை செய்து காதைத் தொலைத்தவர்.

"அவருக்குப் பேச்சுக் குரல் கேக்குதாம். யாரோ ஒரு கிழவனைக் கொல்லப் போறாங்களாம். ரெண்டு தடவை போலீஸைக் கூப்பிட்டுட்டார். வர்ற வியாழக்கிழமை நகராட்சிலேருந்து வந்து பாத்துட்டு, முதியோர் ஹோம்ல சேக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க."

மேலே, எய்னர் சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "நீயும் டாக்டரா?"

"இல்ல, கம்பி போடுறவ."

"அப்ப கேளு. தெருச் சத்தமும் காத்துச் சத்தமும் தொல்லை பண்ணக் கூடாதுன்னு மெஷினை வளைய நிலைக்கு மாத்திட்டுப் படுப்பேன். படுத்தா பேச்சு கேக்குது. எந்திரிச்சு உக்காந்தா நின்னுடுது. நீயே சொல்லும்மா, பைத்தியம் புடிச்சவனுக்கு உக்காந்தா தெளிஞ்சிடுமா?"

மெரெத்தெ கீழே தான் பதித்த வளையத்தை நினைத்தார். தன் கம்பியின் கசிவாக இருக்குமோ? கீழே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சோதனைக் கருவியின் காதணியை மாட்டிக்கொண்டு, கருவியை நிமிர்த்திப் பிடித்தபடி சோபாவை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. 'நம் தவறு இல்லை' என்று மனம் சற்று ஆறியது. அப்படி ஆறியதற்காகவே படியிறங்கும்போது வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் கிழவரின் பேச்சு அவரை விடவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய், என்னதான் கேட்கிறது என்று விசாரித்தார்.

"ஒரு பொம்பளை. 'சூப்புல கலந்துடு, கிழம் ருசி பாக்காது'ங்கறா."

மெரெத்தெ கீழே ஓடினார். அரங்க மேலாளர் பிரெபென் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்க நாடகத்துல சூப்பு வருதா?"

"வருது. ஏன்?"

"யாராவது சாகறாங்களா?"

"அதைச் சொல்லிட்டா டிக்கெட் எப்படி விக்கும்?"

அப்படியென்றால் குரல் அரங்கத்தினுடையதுதான். பிறகு ஏன் கருவியில் விழவில்லை? ஏன் படுத்தால் மட்டும்? செவ்வாய்க்கிழமை ஒத்திகை நேரத்தில் வேறொரு சோதனைக் கருவியைக் கொண்டுபோனார். அதுவும் ஊமை. பட்டறைக்கு வந்து காகிதம் காகிதமாகப் படம் வரைந்து கசக்கினார். காபி ஆறிப் போனது. கிழவரும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக முடியும் என்று எங்களையே கேட்டார்.

புதன்கிழமை பிற்பகல் அலுத்துப்போய் எய்னரின் சோபாவில் சரிந்தார். கருவி சட்டைப்பையில் இருந்தது. காதணியைக் கழற்ற மறந்திருந்தார். உடல் சாய்ந்ததும் ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது: "இன்னும் ஒரு கரண்டி ஊத்து." திடுக்கிட்டு நிமிர்ந்தார். மௌனம். சாய்ந்தார். குரல். நிமிர்ந்தார். மௌனம்.

"இப்ப உனக்கும் கேக்குதா?" என்றார் எய்னர்.

அந்தச் சோபா, கீழே சுவரோரம் ஓடும் கம்பிக்கு நேர் மேலே இருந்தது. அந்த இடத்தில் காந்த அலை கிடைமட்டமாகப் பரவும். நிமிர்ந்த கருவிக்குப் பிடிபடாது, சாய்ந்த கருவிக்கு மட்டுமே பிடிபடும். அரங்கத்தை அங்குலம் அங்குலமாக அளந்த மெரெத்தெ, மாடியை அளக்கவே இல்லை.

வளையத்தை எடுத்து மாற்றிப் பதிக்க வேண்டும் என்று மெரெத்தெ சொல்லியிருந்ததால், வியாழக்கிழமை காலை பிரெபென் படியிலேயே அவரை மறித்தார். "முதல் காட்சிக்கு மூணு வாரம்தான் இருக்கு. இப்பப் போய்த் தரையைத் தோண்டணுமா? பெரியவரை மெஷினைக் கழட்டிட்டுப் படுக்கச் சொல்லு, விஷயம் முடிஞ்சுது."

"அவரைப் பைத்தியம்னு எழுதப் போறாங்க, பிரெபென். அளக்காம விட்டது நான். தப்பு என்னோடது."

மேலே நகராட்சி அலுவலர் விபெகெ படிவத்தைத் திறந்திருந்தார்; கீழே ஒத்திகை தொடங்கியிருந்தது. மெரெத்தெ தன் தவறை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துக் காதணியை நீட்டினார். "கொஞ்சம் படுங்க."

"வேலை நேரத்துல நான் படுக்கக் கூடாதே!"

"அஞ்சே நிமிஷம்."

விபெகெ செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு படுத்தார். கண்கள் விரிந்தன. "சூப்பு!" என்றார்.

எய்னர் மகளைப் பார்த்தார். "இப்ப யாரை ஹோம்ல சேக்கப் போற? இந்த அம்மாவையா?" என்று கேட்டுவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விபெகெயும் மெரெத்தெயும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். லிஸ்பெத் கதவில் நெற்றியை வைத்தார்.

"அப்பா, நான் நம்பியிருக்கணும்ப்பா."

பிறகு உள்ளிருந்து கேட்டது: "காபி போடறேன். எத்தனை பேரு?"

மெரெத்தெ விரிப்பைக் கிழித்துப் பழைய வளையத்தை எடுத்தார். இரண்டு கம்பி வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகும்படி பதித்து, அலை அரங்கத்தைத் தாண்டாதபடி அடக்கினார். மூன்று வாரத்தில் முடித்து, மாடிக்குப் போய்ப் படுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. எய்னரும் படுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பெரியவரின் முகம் விழுந்துவிட்டது.

"என்னம்மா இது, பாதியில நிறுத்திட்ட! அந்தக் கிழவன் செத்தானா இல்லையா?"

முதல் காட்சியில் ஐந்தாம் வரிசையில் எய்னர். ஒரு பக்கம் லிஸ்பெத், மறுபக்கம் மெரெத்தெ. கருவி வளைய நிலையில் இருந்ததால் அவர் குரல் அவருக்கே கேட்காது. மேடையில் கிழவர் சூப்புக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார். அரங்கமே அதிரும்படி எய்னர் கத்தினார்:

"குடிக்காதய்யா! மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்!"

நடிகர் குழம்பிப்போய்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நாடகம் மறுபடி தொடங்க நான்கு நிமிடம் ஆனது. லிஸ்பெத் சிரித்துச் சிரித்து அப்பாவின் தோளில் சாய்ந்து, பிறகு அழுதார்; எது எப்போது மாறியது என்று மெரெத்தெக்குத் தெரியவில்லை.

பெருமதிப்பிற்குரியீர்! மறுநாள் எங்கள் சோதனைப் படிவத்தில் தங்கள் கையாலேயே ஒரு வரி சேர்த்தீர்கள்: 'பக்கத்து வீட்டில் படுத்துக் கேட்கவும்.' அதற்குக் கீழே இன்னொரு வரி: 'கேட்கவில்லை என்றால், சொன்னவரிடம் மறுபடி கேட்கவும்.' அறிவுக்குப் பெயர் பெற்றவர் பலர். பிறர் சொன்னது தமக்குப் புரியாதபோதும் அதைப் பொய் என்று சொல்லாதிருந்த பெருமை தங்களுடையது! தவறு தமது என்று தெரிந்ததும் தலை குனியாது அதைச் சொல்லிய தைரியம் தங்களுடையது!

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறந்ததும் யாரிடம் போய் நிற்போம் என்று எங்களுக்கு இப்போது தெரியவில்லை. அந்தக் கவலை எங்களோடு போகட்டும். தங்கள் நாட்கள் நலம் நிறைந்து நீளட்டும். தங்கள் உறக்கம் உறுத்தலின்றி அமையட்டும். எங்கள் தொலைபேசி அழைப்பை மட்டும், தயவுசெய்து, எடுத்துவிடுங்கள்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
எஸ்பியர்க் பட்டறைப் பணியாளர் எண்மர்