துரோவாவில் விட்ட மேலங்கி

ஃபென்னா: சட்டையா! ஆயுசுக்கும் ஒரே ஒரு வசனம் எடுத்துக்கச் சொன்னா... சட்டையைப் பத்தி எடுத்திருக்கியே!

ஹில்கோ: சட்டை இல்ல, மேலங்கி. பவுல் துரோவாங்கிற ஊர்ல விட்டுட்டு வந்தது. எடுத்துட்டு வான்னு தன் சிஷ்யன் தீமோத்தேயுக்கு எழுதறார்.

ஃபென்னா: திடப்படுத்தல் அன்னைக்கு, நாம சபையில முழு அங்கத்தினரா சேர்ற அன்னைக்கு, சர்ச்சு நிறைய ஜனம். உங்கப்பா கோட்டு சூட்டுல முதல் வரிசையில. போதகரம்மா உன் தலையில கையை வெச்சு, "என் அங்கியைக் கொண்டு வா"ன்னு ஆசீர்வாதம் பண்ணணும்?

ஹில்கோ: ஆமா.

ஃபென்னா: ஆமாவாம்! இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள வசனத்தைச் சொல்லியாகணும்டா. அவங்க சைக்கிள்ல இந்த வழியாத்தான் வருவாங்க. கொடு வேதத்தை, நான் ஒழுங்கா ஒண்ணு தேடித் தரேன்.

ஹில்கோ: தேடு. முதல்ல டீயை ஊத்து. குளிருது.

ஃபென்னா: குளிராம? கடல் அணை மேல, இந்தக் காத்துல, வெறும் பனியனோட உட்கார்ந்தா? உன் மஞ்ச ஜாக்கெட் எங்கே?

ஹில்கோ: காணோம். பஸ்ல விட்டுட்டேன் போல... உன் கண்ல படலையே?

ஃபென்னா: என் கண்ல எதுக்குப் படணும்? ...கற்கண்டு எவ்வளவு?

ஹில்கோ: ரெண்டு போடு. கலக்காதே!

ஃபென்னா: எனக்குச் சொல்லித் தர்றியா? நான் என்ன ஊருக்குப் புதுசா? இங்க யாரு டீயைக் கலக்கறா?

ஹில்கோ: மியூனிக்ல எல்லாரும் கலக்கித்தான் குடிப்பாங்களாம். நீயும் அங்க போய்க் கலக்குவே.

ஃபென்னா: செத்தாலும் கலக்க மாட்டேன்.

ஹில்கோ: வீட்டுச் சாமான் ஏத்த லாரி என்னைக்கு வருது?

ஃபென்னா: திடப்படுத்தலுக்கு மறுநாள். அம்மா சீக்கிரம் அங்க ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேரணுமாம்... பேச்சை மாத்தாதே. இந்தா, மேய்ப்பன் சங்கீதம். எவ்வளவு அழகா இருக்கு!

ஹில்கோ: நம்ம வகுப்புல பாதிப் பேர் அதைத்தான் எடுத்திருக்காங்க. அதுவும் இல்லாம... உன் பின்னால பாரு.

ஃபென்னா: என்ன? ...ஐயோ, ஆடு! சீ, போ! என் பிஸ்கட்! ஹில்கோ, பிடி... பக்கத்தையும் சேர்த்துக் கிழிச்சுத் தின்னுட்டுதுடா!

ஹில்கோ: எந்தப் பக்கம்?

ஃபென்னா: லேவியராகமம். பலி, சட்டம்னு நீளமா வருமே, அது.

ஹில்கோ: நல்ல ஆடு.

ஃபென்னா: சிரிக்காதே! போதகரம்மா கேட்டா என்ன சொல்றது? ...சரி, இது பாரு. கழுகு மாதிரி இறக்கையடிச்சு உயர எழும்புவாங்களாம்.

ஹில்கோ: எனக்கு மணிக்கூண்டு ஏறினாலே தலை சுத்தும்.

ஃபென்னா: அப்போ என்னோடதையே எடுத்துக்க. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் காப்பார்.

ஹில்கோ: அது ஊரை விட்டுப் போறவங்களுக்கானது. எனக்கு எதுக்கு?

ஃபென்னா: ...ஹில்கோ, நிஜத்தைச் சொல்லு. உனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே இல்லையா? அதான் விளையாடறியா?

ஹில்கோ: விளையாடலை. கடல் பிளந்துச்சு, வழி விட்டுச்சுன்னா... எனக்குத் தெரியலை, ஃபென்னா. இங்க கடலைத் தடுக்கவே நாம மண்ணைக் கொட்டிக்கிட்டு கிடக்கோம். ஆனா பவுல் ஜெயில்ல இருக்கார். கூட இருந்தவங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அவ்வளவு பெரிய அப்போஸ்தலர்... எனக்குக் குளிருது, அங்கியைக் கொண்டு வான்னு கேக்கறார். அதைப் படிச்சப்போ, இந்த ஆள் பொய் சொல்லலைன்னு தோணிச்சு. இவரை நம்பலாம்னா... இவர் நம்பினவரையும்...

ஃபென்னா: ம்... சொல்லு.

ஹில்கோ: அவ்வளவுதான். அதுக்கு மேல இன்னும் போகலை.

போதகரம்மா: மொய்ன், பிள்ளைகளா! காத்து என்னைச் சைக்கிளோட தூக்கிட்டுப் போகப் பாக்குது. ஹில்கோ, வசனம் கிடைச்சுதா?

ஹில்கோ: கிடைச்சுது, போதகரம்மா. பவுலோட மேலங்கி.

போதகரம்மா: எது... துரோவாவுல விட்டதா?

ஃபென்னா: நான் சொல்லிப் பார்த்துட்டேன். கேக்க மாட்டேங்கறான்.

போதகரம்மா: இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதே இல்ல. உன் தலையில கை வெச்சு நான் இதைச் சொல்றப்போ, ஜனங்க சிரிச்சா?

ஹில்கோ: சிரிக்கட்டும்.

போதகரம்மா: எனக்கே சிரிப்பு வந்தா?

ஹில்கோ: நீங்க வீட்டுக்குப் போய்ச் சிரிங்க.

போதகரம்மா: சரிதான்! ஏன் இந்த வசனம்? எல்லார் முன்னாடியும் நீ ஒரு காரணம் சொல்லணுமே.

ஹில்கோ: அவருக்குக் குளிருது. அதை மறைக்காம கேட்டுட்டார். எனக்கு அப்படிக் கேக்க வராது.

போதகரம்மா: ...போதும், தம்பி. இது நல்ல காரணம். எங்கே, வசனத்தைச் சொல்லு பார்ப்போம்.

ஹில்கோ: துரோவாவுல நான் விட்டுட்டு வந்த மேலங்கியைக் கொண்டு வா.

போதகரம்மா: நடுவுல ஏதோ விட்டுட்டியே?

ஹில்கோ: புத்தகமும் கொண்டு வரச் சொன்னார்.

போதகரம்மா: அதில்லை.

ஹில்கோ: அவ்வளவுதான், போதகரம்மா.

போதகரம்மா: பரவாயில்ல, நான் முழுசாத்தான் சொல்லுவேன். பாதி வசனம் என் வாயில வராது. ஃபென்னா, அந்த ஆடு என்னத்தை மெல்லுது?

ஃபென்னா: அது... பசி போல, போதகரம்மா.

போதகரம்மா: வேதத்து மேல பசின்னா நல்லதுதான். வரேன்!

ஃபென்னா: அப்பாடா... டேய், என்னத்தைடா விட்டே?

ஹில்கோ: ஒண்ணுமில்ல. புத்தகத்தை மூடு, வீட்டுக்குப் போகலாம்.

ஃபென்னா: இரு, இரு. இங்க இருக்கு... "நீ வரும்போது" எடுத்துட்டு வா. நீ வரும்போது... கீழே இன்னொரு தடவை வேற கேக்கறார். குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி எப்படியாவது வந்துடுன்னு. ஹில்கோ... இது அங்கியைப் பத்தின வசனமே இல்ல.

ஹில்கோ: இல்லதான்.

ஃபென்னா: அங்கி ஒரு சாக்கு. வந்து பாருன்னு கூப்பிடறார்.

ஹில்கோ: ம்.

ஃபென்னா: தீமோத்தேயு போனாரா?

ஹில்கோ: தெரியலை. நானும் தேடினேன். எழுதலை.

ஃபென்னா: போயிருப்பார்.

ஹில்கோ: உனக்கெப்படித் தெரியும்?

ஃபென்னா: இப்படிக் கேட்டா போகாம இருக்க முடியுமா, முட்டாளே? என் வசனத்துலயும் வரும்போதுன்னு இருந்துச்சு. உன் காதுலதான் போகும்போது மட்டும் விழுந்துச்சு.

ஹில்கோ: ...ஃபென்னா, ஜாக்கெட்டை நான் பஸ்ல விடலை. உன் ரூம் கதவுக்குப் பின்னால மாட்டிட்டு வந்தேன். வேணும்னேதான். தெரியாம நீ அதையும் கட்டி எடுத்துட்டுப் போயிட்டா... திருப்பித் தர ஒரு தடவையாவது வருவியேன்னு...

ஃபென்னா: மாட்டின அன்னைக்கே பார்த்துட்டேன்டா! முதல் பெட்டியில, அடியில வெச்சு, மேல புத்தகமா அடுக்கி, டேப் ஒட்டியாச்சு. குளிர்காலத்துக்கு முன்னாடி நானே கொண்டு வருவேன். அதுவரைக்கும் நல்லா நடுங்கு!