லீமாவ் குடித்த அக்கா

"சாப்பிடாம வான்னுதானே சொன்னே? நான் எங்க சாப்பிட்டேன், லீமாவ் ஐஸ் ஒண்ணு குடிச்சேன், அவ்வளவுதான்லா."

ரவாங்கிலிருந்து வந்த ரயிலில் என் எதிரே இருந்த சகோதரிகளில் அக்கா இப்படிச் சொன்னதும், ஆராய்ச்சியாளரான தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊசி குத்தாமல் எச்சிலிலேயே சர்க்கரை பார்க்கும் சென்சார் அவளுடையது; அதைச் சோதிக்க எச்சில் கொடுத்தவர்களில் அக்காவும் ஒருத்தி. அதன் முடிவுகளை இன்று பல்கலைக்கழகத்தில் சொல்லப் போகிறாள்.

"அந்த எலுமிச்சை ஜூஸுல இருக்குற விட்டமின் சியையும் அது சர்க்கரைன்னு நெனச்சுக்கும்க்கா. அதான் உனக்கு அவ்வளவு ஏறிக் காட்டிருக்கு."

"யாருக்குத் தெரியப்போவுது? விடு."

"இதை நம்பி எவராச்சும் இன்சுலினை அதிகமாப் போட்டுக்கிட்டா? ஆனா சொன்னா, என் சென்சாரே தப்புன்னுடுவாங்க."

கேஎல் சென்ட்ரல் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் புடவை எடுக்க இறங்க வேண்டிய அக்கா கதவு வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து, "குடிச்சவ நான்தான்னு நானே வந்து சொல்றேன்" என்றபடி தங்கையை ஒட்டி உட்கார்ந்தாள்.