விட்டுப்போன ஒற்றைக் குறி

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனிப் பெண்கள் இருவர். சின்னவள் இருப்புக்கொள்ளாமல், "அக்கா, லேபிள் அடிக்கிற கம்ப்யூட்டர் ப்ரோகிராம்ல 'எச்சரிக்கை'ங்கிற பேருக்கு முன்னாடி ஒத்தை மேற்கோள் குறி போடாம விட்டுட்டேன்," என்றாள்.

"அதுனால என்னத்தா?"

"குறி போட்டா பேரு பேராவே இருக்கும். எந்த வெடிக்கு அடிக்கிறோமோ, அந்த வெடியோட பைல்ல போய் அர்த்தம் தேடிக்கிடலாம். போடலேன்னா, எழுதுற எடத்துலயே தேடி, அங்க தொறந்திருக்கிற பைல்ல உள்ளதை எடுத்துப் போட்டுரும். நான் எழுதுறப்ப தொறந்திருந்தது கம்பி மத்தாப்பு பைலு."

"இப்ப அடிச்சது எதுக்கு?"

"அணுகுண்டு வெடிக்கு. 'கையில் பிடித்துக் கொளுத்தவும்'னு விழுந்திருக்கும்."

அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். "லேபிள் ஏத்துன லாரியை வெளிய விடாதீக. எச்சரிக்கை மாறிப்போச்சு. நம்ம தப்புதான்." கேட்டுவிட்டு, "லாரி இன்னும் கம்பெனி கேட்டுக்குள்ளதான் நிக்குதாம்," என்றாள்.

சின்னவள் அழுதாள். "நான்தான்னு சொல்லலையேக்கா."

"நம்ம தப்புன்னு சொன்னேன்ல. கண்ணைத் தொடை, எறங்கணும்."