ஸ்டோருக்குள் வராத பேய்

“எந்தங்கச்சியப் புடிச்ச பேய்க்குக் கோப்பி ஸ்டோர்னா பயம் போல!”

இலங்கையின் பன்விலக் காப்பித் தோட்டத்தில், பறித்த பழத்தை அளந்து கொடுக்க வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவள்தான் இப்படிக் கத்தினாள். பக்கத்துக்காரி திரும்பினாள்.

“என்னக்கா சொல்றீங்க?”

“நாம குடியிருக்குற லயத்துல படுத்தா ராவெல்லாம் அலறுறா. ஸ்டோர்ல காயப்போட்ட கோப்பிக்கொட்டையக் கிண்டுறப்போ சிரிச்சுப் பேசுறா. பேய்னா கூடவே வராதா?”

“கங்காணி பூசாரியக் கூப்பிட்டிருக்காராமே?”

“பூசாரி எதுக்கு? ஸ்டோருக்கு எத்தன ஜன்னல்! எங்க காம்பராவுக்கு ஒண்ணு இருக்கா? அந்த இருட்டுலயும் பொகையிலயும் எட்டுப் பேரு அடஞ்சு கெடந்தா எவளுக்குப் புத்தி நெலைக்கும்? ஒரு ஜன்னல் வெட்டித் தாங்கன்னு கங்காணிகிட்டக் கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“காத்து இல்லாட்டிக் கோப்பிக்கொட்டையில பூஞ்சணம் புடிச்சிருமாம், அதுக்குத்தான் ஜன்னலாம். மனுசிக்கு வேப்பிலையடி போதுமாம்!”