மணிக்கு ‘இல்லை’ போட்டது யார்

— கையை எடுடா அந்த லேப்டாப்புல இருந்து. நீ தொட்டது போதும்.

— அக்கா, மெதுவா பேசு. அம்மா இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க.

— டாக்டர் குடுத்த மாத்திரை. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. வந்ததுல இருந்து அந்த மெஷினையே பாத்துட்டு இருக்கியே, அம்மா நெத்தியில போட்ட தையலைப் பாத்தியா?

— பாத்தேன்.

— என்னத்தப் பாத்த. நான் பாத்ததைச் சொல்றேன், கேளு. இன்னைக்கு மத்தியானம் சாப்பாடு ஊட்டிவிட்டு, வாயைத் தொடச்சுவிட்டு, மாடிக்கு வேலைக்குப் போனேன். சாயங்காலம் டீயோட இறங்கி வர்றேன், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல குப்புறக் கெடக்குறாங்க. ரத்தம் காஞ்சு தரையோட ஒட்டிப் போயிருக்கு. பக்கவாதத்துல பேச்சே போன மனுஷி, ‘அய்யோ’ன்னு கத்தக்கூட முடியாம கெடந்திருக்காங்க. அவங்களுக்குன்னு இருந்தது இந்த லேப்டாப் ஓரத்துல இருக்கிற ஒரே பொத்தான். அமுக்கினா மாடியில என் மேஜையில மணி அடிக்கும். ரெண்டு வருஷமா ஒழுங்கா அடிச்ச மணி. முந்தாநேத்து நீ வந்து கை வச்ச, ஊமையாப் போச்சு.

— அதாவது, நான் மணியைத் தொடவே இல்லைக்கா. மெஷின் நகரவே மாட்டேங்குதுன்னு அம்மாதான் எழுதிக் காட்டினாங்க. கர்னலைப் புதுசாக் கட்டிப் போட்டேன். அவ்வளவுதான்.

— கர்னலாம். உனக்கும் அம்மாவுக்கும் அந்தக் காலத்துல இருந்தே இந்த வீட்டுல வேற பேச்சு கிடையாது. நான் ஒருத்தி நடுவுல முட்டாள் மாதிரி உக்காந்திருப்பேன். இன்னைக்கு எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எதைப் பிடுங்கிப் போட்ட?

— பிடுங்கலை. கர்னல்ங்கிறது மெஷினோட அடிப்படை சாஃப்ட்வேர், அது இருந்தாத்தான் மெஷினே எழுந்திருக்கும். அதைக் கட்டுறப்ப, அதாவது புதுசாத் தயார் பண்றப்ப, ஒரு பெரிய மெனு வரும். இது வேணுமா, அது வேணாமான்னு ஒவ்வொண்ணாக் கேக்கும். அதுல பிளாட்ஃபார்ம் டிரைவர்னு ஒரு பகுதி. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவன் லேப்டாப்புல தனியா ஏதாவது வச்சிருப்பான்ல, ஓரத்துல ஒரு பொத்தான், ஃபேன், பேட்டரி, அந்த மாதிரி. அதையெல்லாம் கர்னலுக்குத் தெரிய வைக்கிறது அந்த டிரைவர்தான். அது இல்லைன்னா பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் மெஷினுக்கு ஒண்ணுமே தெரியாது.

— ஆக, வேணாம்னு போட்டுட்ட.

— மத்த கம்பெனிக்காரங்களோடதுக்குத்தான் ‘இல்லை’ போட்டேன். அதெல்லாம் சும்மா எடம் அடைச்சுட்டு இருந்துச்சு. அம்மாவோட பொத்தானுக்கு உள்ளது எதுன்னு எனக்குத் தெரியும். அதை விட்டுவச்சேன்.

— விட்டுவச்சியே, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை அமுக்கிப் பாத்தியா? வாயைத் திற. பாத்தியா?

— இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— இதுதான்டா நீ. வருவ, மெஷின் முன்னாடி உக்காருவ, அம்மா பக்கத்துலயே இருப்பாங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்ட. டப்டப்புன்னு தட்டுவ. ‘சரியாப் போச்சும்மா’ன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவ. அம்மாவைப் பாக்க வர்றியா, ரிப்பேருக்கு வர்றியா?

— நீ மட்டும்? சரி, ஒண்ணு கேக்குறேன். நான் வந்தது முந்தாநேத்து. நேத்து மணி அடிச்சுதா?

— நேத்தா?

— ஆமா. நேத்து பூரா ஒரு நாள் இருந்துச்சே. அடிச்சுதா, இல்லையா?

— அடிக்கலை.

— ஒரு தடவைகூட?

— அடிக்கலைடா. அப்பாடா, இன்னைக்காவது நிம்மதியா வேலை பாக்கலாம்னு இருந்துச்சு. போதுமா? அதைத்தான கேக்கணும்னு நினைச்ச?

— ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கிற மணி அடிக்கவே இல்லை. ஏன்னு எட்டிப் பாக்கத் தோணலை. மாடியில உக்காந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு, பாலிசி எடுத்தவன், பிரீமியம் கட்டாதவன், முகம் தெரியாத ஆளுங்க கொறையெல்லாம் ‘சொல்லுங்க சார், சொல்லுங்க மேடம்’னு பொறுமையாக் கேக்குற. கீழ பெத்தவங்க இருக்காங்க.

— வாயை மூடு. அந்தச் சம்பளத்துலதான் இந்த வீடு ஓடுது. வேளாவேளைக்குச் சாப்பாடு குடுக்கிறேன். குளிப்பாட்டுறேன். ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கிறேன். என் முதுகு என்ன கதியில இருக்குன்னு உனக்குத் தெரியுமா? உனக்கு அந்தப் பேச்சுப் பேச வாயில்லை. மெஷினைத் திறந்து பாரு. நீ போட்டதா, போடலையான்னு காட்டு. இப்பவே.

— காட்டுறேன். கட்டினப்ப என்ன குடுத்தோம்னு கர்னல் உள்ளயே இருக்கும். ஒரு நிமிஷம்.

— ம்.

— இதோ, வந்துருச்சு. பிளாட்ஃபார்ம் டிரைவர்...

— ஏன்டா முகம் செத்துப் போச்சு?

— ‘இல்லை’ன்னு இருக்கு.

— எது?

— அம்மா பொத்தானோட டிரைவர். இல்லைன்னுதான் இருக்கு, அக்கா. நான் போட்டது... நான் அப்படிப் போடலை. சத்தியமா போடலை. ஆனா இருக்கு.

— சத்தியமாம். அந்த ரத்தத்தைத் தொடச்சவ நான். நீ இனிமே இந்த வீட்டுல எந்த ஒயரையும் தொடக்கூடாது, கேட்டியா? வேணும்னா வா, சாப்பிடு, போ. அம்மா ரூம் பக்கம் வராத.

— திட்டு. ஆனா இரு, இதைப் பாரு. யார் கட்டினது, எந்த மெஷின்ல கட்டினது, என்னைக்குக் கட்டினதுன்னு கர்னல்லயே பதிஞ்சிருக்கும். நான் என் ஆபீஸ் மெஷின்ல கட்டிக் கொண்டு வந்தேன். இதுல என் பேரு இல்லை.

— பின்ன யாரு பேரு?

— அம்மா பேரு. இதே லேப்டாப். நேத்து சாயங்காலம் முடிஞ்சிருக்கு.

— என்னடா உளர்ற. ஒத்தைக் கையாலயா?

— ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவங்க நமக்குச் சோறு போட்டதே இந்த வேலை பாத்துத்தான். அந்த மெனு எனக்குத் தெரியுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு மனப்பாடம். ஆனா இந்தக் கிழட்டு மெஷின்ல கட்டுறதுன்னா பொழுது பூரா ஓடியிருக்கும். ஃபேன் அலறியிருக்குமே. உனக்குக் கேக்கலை?

— கேட்டுச்சு.

— கேட்டுச்சா? என்ன பண்ண?

— லைன்ல இருந்தவர் ‘என்னம்மா அங்க சத்தம்’னு கேட்டார். இறங்கி வந்து இந்தக் கதவைச் சாத்திட்டுப் போனேன்.

— உள்ள வரலை.

— வரலைடா. கதவைத்தான் சாத்தினேன். இப்ப என்ன பண்ணச் சொல்ற?

— நான் வச்சதெல்லாம் அப்படியே இருக்கு. இந்த ஒண்ணை மட்டும்தான் மாத்தியிருக்காங்க.

— கை தவறி மாறியிருக்கும். பாவம், அந்தக் கை நடுங்குதுல்ல.

— கை தவறி ஒரு கர்னலைக் கட்ட முடியாதுக்கா. நேத்து சாயங்காலம் வரைக்கும் பொத்தான் வேலை செஞ்சிருக்கும், அவங்கதான் அமுக்கலை. தேடிப் போய் அதுக்கு மட்டும் ‘இல்லை’ போட்டு, முடியுற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்து, மெஷினை அணைச்சுத் திரும்பப் போட்டிருக்காங்க.

— அப்ப என்ன, விழுந்து கெடக்கணும்னா? யாரும் வரக்கூடாதுன்னா? நான் என்ன கொறை வச்சேன் இவங்களுக்கு? சொல்லுடா. என்ன கொறை வச்சேன்?

— அக்கா.

— என்ன?

— அம்மா முழிச்சுத்தான் இருக்காங்க.

— எப்பத்துல இருந்து?

— தெரியலை. கையை நீட்டுறாங்க பாரு. லேப்டாப்பைத்தான் கேக்குறாங்க.

— அந்தப் பக்கம் வைக்காத, இடது கை எட்டுற மாதிரி வை. அம்மா, நீங்களாம்மா பண்ணீங்க? எதுக்கும்மா இப்படி?

— விடு, எழுதட்டும். அவசரப்படுத்தாத.

— கண்ணாடியை மாடியில வச்சுட்டேன். என்ன எழுதுறாங்க?

— முடிக்கட்டும்.

— முடிச்சுட்டாங்க. கையை எடுத்துட்டாங்க. படி.

— நீ கண்ணாடி போட்டுட்டு வந்து படிச்சுக்கோ.

— படிடா.

— ‘ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. நான்தான் எடுத்தேன். மணி அடிக்காம, சும்மா என்னைப் பாக்க இந்த ரூமுக்குள்ள யாராவது வருவீங்களான்னு பாத்தேன்.’