எல்லாருக்கும் தெரிஞ்ச அரட்டை

அட, இத்தாலி பஸ் போயிடுச்சுங்க, இன்னும் என்னத்துக்குக் கையாட்டுறீங்க? இப்படி உக்காருங்க, ஒரு விடுகதை போடுறேன். ஊரே உள்ள இருக்கும், வாசல்ல ஆள் கிடையாது. ஏதோ ஒரு பேரைச் சொன்னா உள்ள விட்டுடுவாங்க, பொய்ப் பேரா இருந்தாலும் சரி. அது என்ன?

தெரியலையா? இண்டர்நெட் அரட்டைங்க. உங்க வீட்டம்மா இத்தாலி போய்ச் சேர்ந்ததும் நீங்களும் அதுலதான் பேசப்போறீங்க.

பயமா? எனக்கே வந்துடுச்சு, உங்களுக்கு வராதா! நான் லாரி ஓட்டுறவன். என் சம்சாரம் ஒட்டிலியா இத்தாலியில டொரினோவுல ஒரு கிழவரைப் பாத்துக்கற வேலைக்குப் போனா. ரெண்டே வருஷம், திரும்பிடறேன்னா. எங்க பொண்ணு இலிங்காவுக்கு அம்மா முகமே மறந்துடக் கூடாதேன்னு ஞாயித்துக்கிழமையானா சந்தைக்குப் பின்னாடி இண்டர்நெட் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன். கடைக்காரன் ஒரு பேரைத் தட்டுங்கண்ணேன்னான். லாரிக்காரன்னு தட்டினேன். உள்ள போயிட்டேன். யாரு, எதுக்குன்னு ஒரு கேள்வி இல்ல. வாங்க லாரிக்காரரேன்னு நம்ம பக்காவு ஊர்க்காரங்க அத்தனை பேரும் எழுதறாங்க! எனக்குன்னா தலைகால் புரியல.

பொண்ணு ஒரு மிஷின்ல, நான் பக்கத்து மிஷின்ல. சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே எல்லாத்தையும் படிப்பேன். சாப்பிட்டியாடி செல்லம்னு ஒட்டிலியா. சாப்பிட்டேம்மான்னு இவ. அவ்வளவுதான் வரும். ஆனா பொண்ணு தட்டிக்கிட்டே இருப்பா. பாவம், எழுத்துத் தேடித் தேடித் தட்டறா போலன்னு நினைச்சேன்.

இல்லைங்க. ரெண்டு பேர் மட்டும் பேசிக்க அதுல தனியா ஒரு பெட்டி இருக்கு, அம்மாவும் பொண்ணும் அதுலதான் பேசியிருக்காங்க. உள்ள வர்றது அவ்வளவு லேசா இருந்துச்சா, எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு இருந்துட்டேன்.

எப்படித் தெரிஞ்சுதா? போன மாசம் கறுப்புப்பூனைன்னு ஒருத்தன் எல்லாரும் பாக்கற இடத்துலயே கேட்டான். இலிங்கா, டொரினோவுல எந்தப் பள்ளிக்கூடம்னு. உடனே இன்னொருத்தி, ஏய் வாயை மூடுடா, அப்பா இருக்காருன்னு எழுதறா. ஊருக்கே தெரிஞ்சிருக்குங்க! வாரா வாரம் எனக்கு வணக்கம் சொன்னவங்க.

வீட்டுக்கு வர்ற வழியில இலிங்காவைக் கேட்டேன். அம்மாதான் சொல்லாதேன்னாங்கன்னா. ஒட்டிலியா அங்கயே தங்கிடறதாம். பொண்ணையும் கூட்டிக்கறதாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நானா? நான் யாரை வழியனுப்ப வந்தேன்னு கேக்கறீங்களா? ஒட்டிலியா முந்தாநாள்தான் வந்திருந்தா. சண்டை வேண்டாம், பொண்ணையே கேட்டுடுவோம்னா. சரின்னேன். சமையக்கட்டுல நிக்கவெச்சு ரெண்டு பேருமாக் கேட்டோம். அம்மாகூடப் போறேன்னு சொன்னா.